முதல்வர் நாற்காலியை விட்டெழுந்தவர்: சுவாமி விபுலானந்தரின் பள்ளிப் பயணம்

1922ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாய் இந்துக் கல்லூரியின் முதல்வருக்கு அப்போது வயது 30. இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டம் ஒரு கையில், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம் மறு கையில். ஆங்கிலம் படித்தவருக்குத் தமிழ் தெரியாது, தமிழ் படித்தவருக்கு அறிவியல் தெரியாது என்று பேசப்பட்ட காலத்தில் இரண்டையும் ஒருசேரக் கற்றிருந்த இளைஞர் அவர். கல்லூரிக்கு வந்து இரண்டு ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் அவரைப் பிடித்திருந்த நேரத்தில், பதவியைத் துறந்து சென்னை மயிலாப்பூரில் இருந்த இராமகிருஷ்ண மடத்தில் துறவு மாணாக்கராகச் சேர்ந்தார்.

மயில்வாகனன் என்ற அந்த முதல்வரைத்தான் தமிழுலகம் பின்னர் சுவாமி விபுலானந்தர் என்றும், முத்தமிழ் வித்தகர் என்றும் அறிந்துகொண்டது. யாழ் நூல் எழுதியவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் என்று பாடப் புத்தகங்கள் அவரை அறிமுகப்படுத்தும். ஆனால் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் செலவிட்டது பள்ளிகளில். ஒரு பள்ளியை எடுத்து நடத்துவது, நிலைநிறுத்துவது, இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போவது என்று அவருடைய நாற்பது ஆண்டுகள் கழிந்தன.

செராஸ், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் என்று எந்த வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளியை எடுத்துக்கொண்டாலும், தலைமையாசிரியர் மாறுகிறார் என்ற செய்தி வந்தால் போதும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒரு கலக்கம் தொடங்கிவிடும். இவர் போனால் பள்ளி என்னவாகும் என்று பேச்சு எழும். பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப்படம் எல்லாம் முடிந்த பிறகும் அந்தக் கேள்வி வாசலில் நிற்கும். விபுலானந்தரின் வாழ்க்கை அந்தக் கேள்வியைப் பலமுறை சந்தித்த வாழ்க்கை.

காரைதீவுப் பையன்

1892 மார்ச் மாதம் இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள காரைதீவில் பிறந்தார். தந்தை சாமித்தம்பி, தாய் கண்ணம்மையார். வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர் என்று இரு முஸ்லிம் ஊர்களுக்கு நடுவே அமைந்த தமிழ் ஊர் காரைதீவு. அந்த ஊரில் கண்ணகி அம்மன் கோயில் உண்டு. வைகாசியில் கண்ணகிக்குச் சடங்கு நடக்கும், அவள் கதை பாடப்படும். சிலப்பதிகாரத்தைப் புத்தகத்தில் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்டு வளர்ந்த பிள்ளை, பின்னாளில் அதே காப்பியத்தின் அரங்கேற்று காதையை வைத்துக்கொண்டு பழந்தமிழர் இசையைத் தேடிப் போனதில் வியப்பில்லை.

தொடக்கக் கல்வி ஊரிலேயே குஞ்சித்தம்பி ஆசிரியரிடம். பிறகு கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பள்ளி, மட்டக்களப்பில் கத்தோலிக்கரின் புனித மைக்கேல் கல்லூரி. 16ஆவது வயதில், 1908இல், கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறினார். அதன் பின் படித்த பள்ளியிலேயே ஆசிரியர்.

இந்த இடத்தில் அந்தக் காலத்து இலங்கைக் கல்வி எப்படி இயங்கியது என்பதைச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான ஆங்கிலப் பள்ளிகள் கிறிஸ்தவ மிஷன்களின் கையில் இருந்தன. அரசாங்கம் நேரடியாக நடத்தியவை குறைவு. பள்ளி நடத்தும் அமைப்புக்கு உதவித்தொகை கொடுப்பதே வழக்கம். அந்த உதவித்தொகை சும்மா கிடைக்காது. கட்டடம் வேண்டும், மாணவர் வருகை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தகுதி பெற்ற ஆசிரியர்கள் வேண்டும். ஆங்கிலம் படித்தால்தான் உத்தியோகம். யாழ்ப்பாணத்து இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக மலாயாவுக்கு வந்து ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலைக்கு அமர்ந்தது அந்த ஆங்கிலப் பள்ளிகளின் தயவால்தான். பிரிக்பீல்ட்ஸில் 1904இல் விவேகானந்த ஆசிரமம் எழுந்ததற்கும் அந்த இலங்கைத் தமிழர்களே காரணம்.

மிஷன் பள்ளிக்குப் போட்டியாகச் சைவப் பள்ளி வேண்டும் என்று 1848இலேயே வண்ணார்பண்ணையில் தொடங்கிக் காட்டியவர் ஆறுமுக நாவலர். வெஸ்லியன் மிஷன் பள்ளியில் தமக்கிருந்த ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுத்தான் அவரும் அந்தப் பணியில் முழுமையாக இறங்கினார். ஆனால் அவருக்குப் பின் அரை நூற்றாண்டு கடந்தும் சைவப் பள்ளிகளுக்கு இருந்த பெரிய குறை, பட்டம் பெற்ற ஆசிரியர்கள் கிடைக்காததே. ஆர்வம் உள்ளவருக்குச் சான்றிதழ் இருக்காது. சான்றிதழ் உள்ளவர் மிஷன் பள்ளிக்கோ அரசாங்க வேலைக்கோ போய்விடுவார்.

மயில்வாகனன் சான்றிதழ்களைச் சேர்த்த விதத்தைப் பார்த்தால் இந்தக் குறையை அவர் நன்றாகவே உணர்ந்திருந்தார் என்று தோன்றும். 1911இல் கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். பயிற்சி முடித்துக் கிழக்கு மாகாணத்துக்குத் திரும்பிக் கற்பித்தார். மறுபடியும் கொழும்பு சென்று தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து 1916இல் அறிவியல் டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். இலங்கையிலிருந்து அந்தத் தேர்வில் வென்ற முதல்வர் அவரே. பகலில் வேதியியல் சாலை, இரவில் தொல்காப்பியம். அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியர். அங்கே பாடம் நடத்திக்கொண்டே இலண்டன் பட்டத்துக்கும் படித்து முடித்தார்.

மானிப்பாய் அழைத்தது

1910இல் தொடங்கப்பட்ட மானிப்பாய் இந்துக் கல்லூரி, பத்து வயதான நிலையில் அவரை முதல்வராக்கியது. இலங்கையில் பள்ளி முதல்வரை அதிபர் என்பார்கள். நம் காதுக்கு அது நாட்டுத் தலைவரைச் சொல்வதுபோல ஒலிக்கும். வசதியான கத்தோலிக்கக் கல்லூரியை விட்டு, இன்னும் காலூன்றாத ஓர் இந்துக் கல்லூரிக்குப் போவது 28 வயது இளைஞருக்கு எளிய முடிவாக இருந்திருக்காது. ஆனால் சைவப் பள்ளிகள் பட்டதாரி இல்லாமல் தவித்தபோது, கையில் பட்டத்தோடு நின்றவர் ஒதுங்கிப்போகவில்லை.

மானிப்பாய் அவருக்குப் பொருத்தமான ஊரும்கூட. அந்த ஊரில்தான் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அறிவியலைத் தமிழில் சொல்ல முடியும் என்பதை மானிப்பாய் அதற்கு முன்பே பார்த்திருந்தது. அறிவியல் பட்டமும் பண்டிதர் பட்டமும் பெற்ற ஒருவர் அங்கே முதல்வராக அமர்ந்தது தற்செயல்தான் என்றாலும், பின்னாளில் அவர் செய்த கலைச்சொல் பணியை நினைக்கும்போது அழகான தற்செயல்.

அப்படியிருந்தும் ஏன் விட்டுப் போனார்? யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்தபோதே இராமகிருஷ்ண மிஷனைச் சேர்ந்த சுவாமி சர்வானந்தரின் தொடர்பு அவருக்குக் கிடைத்திருந்தது. அதற்கும் முன்னால், 1897இல் விவேகானந்தர் மேலைநாடுகளிலிருந்து திரும்பும் வழியில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பேசிச் சென்றிருந்தார். அந்தப் பேச்சு விதைத்த ஆர்வம் இலங்கைத் தமிழரிடையே அடங்கவே இல்லை. வழிபாடும் தொண்டும் வேறில்லை, ஏழைக்குக் கல்வி தருவதும் பூசைதான் என்ற விவேகானந்தரின் எண்ணம் ஓர் ஆசிரியரை ஈர்த்ததில் புதுமை இல்லை. மானிப்பாய்க் கல்லூரிக்கு அது இழப்புத்தான். இரண்டே ஆண்டுகளில் நல்ல முதல்வரை இழப்பது எந்தப் பள்ளிக்கும் வலிக்கும். அதை மறைத்து அவருடைய துறவை மட்டும் புகழ்வது மானிப்பாய்க்கு நியாயம் செய்வதாகாது.

மயிலாப்பூரில் அவருக்குப் பிரபோத சைதன்யர் என்ற பெயர் கிடைத்தது. மடத்தின் தமிழ் இதழான இராமகிருஷ்ண விஜயத்தையும் ஆங்கில இதழான வேதாந்த கேசரியையும் கவனித்துக்கொண்டார். 1924இல், பரமஹம்சரின் நேரடிச் சீடரும் அப்போது மிஷனின் தலைவருமான சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலானந்தர் ஆனார். நாடகக் கலையில் சேக்ஸ்பியரையும் தமிழ் மரபையும் இணைத்துப் பார்க்கும் மதங்க சூளாமணி 1926இல் வெளிவந்தது.

பள்ளிகளை விட்டு விலகிப் போனவரை மடம் மறுபடியும் பள்ளிகளுக்கே அனுப்பியது. 1925இல் இலங்கைக்குத் திரும்பி, அங்கிருந்த மிஷன் பள்ளிகளின் பொறுப்பை ஏற்றார். முன்பு ஒரு கல்லூரியின் முதல்வராக இருந்தவர், இப்போது வடக்கிலும் கிழக்கிலும் சிதறிக் கிடந்த பல பள்ளிகளுக்கு முகாமையாளர். யாழ்ப்பாணத்தில் வைத்தீசுவர வித்தியாலயம், திருகோணமலையில் இந்துக் கல்லூரி, மட்டக்களப்பு மாவட்டக் கிராமங்களில் சிறு சிறு தமிழ்ப் பள்ளிகள். தம் ஊரான காரைதீவில் பெண் பிள்ளைகளுக்கென்று சாரதா வித்தியாலயம்.

கல்லடி உப்போடை

மட்டக்களப்பு நகரிலிருந்து வாவியைக் கடந்தால் கல்லடி. 1924இல் அங்கே இரும்புப் பாலம் திறக்கப்பட்டது. நிலா வெளிச்சத்தில் அந்த வாவியில் மீன்கள் பாடும் என்பது ஊர்க்கதை. பாலத்துக்கு அப்பால் கல்லடி உப்போடையில் 1929இல் விபுலானந்தர் ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கி, தம் குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயம் என்று அழைத்தார். தகப்பன் இல்லாத, வசதி இல்லாத பிள்ளைகள் தங்கிப் படிக்க மாணவர் இல்லமும் அதனோடு இருந்தது.

இந்தப் பள்ளி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை மட்டக்களப்பின் அன்றைய நிலையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் நல்ல ஆங்கிலப் பள்ளிகள் அடுத்தடுத்து இருந்தன. கிழக்கிலோ மிஷன் கல்லூரிகள் சிலவே. சைவப் பிள்ளை தன் சமயத்தோடும் தமிழோடும் இருந்தபடியே ஆங்கிலமும் அறிவியலும் கற்க வழி குறைவு. கிராமத்து விவசாயியின் பிள்ளைக்கு மட்டக்களப்பில் தங்கிப் படிக்கப் பணமும் இல்லை. விபுலானந்தர் தாமே மெதடிஸ்தப் பள்ளியிலும் கத்தோலிக்கப் பள்ளியிலும் படித்தவர். அந்தப் பள்ளிகளை அவர் பகையாகப் பார்க்கவில்லை. அவற்றின் ஒழுங்கையும் ஆய்வுக்கூடத்தையும் தம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் கொண்டுவந்து சேர்க்கவே பாடுபட்டார். பிற பள்ளியைத் திட்டுவதால் நம் பள்ளி வளராது என்பதைக் கல்லடி பார்த்த காரியம் காட்டியது.

சாதி பார்த்து இருக்கை ஒதுக்கும் பள்ளிகள் யாழ்ப்பாணத்தில் அப்போது இருந்தன. விபுலானந்தர் அந்த வழக்கத்துக்கு இடம் கொடுக்கவில்லை. இதைப் பேச்சில் சொன்னவர்கள் பலர். அவர் எங்கே போனாலும் செய்துகாட்டினார் என்பதற்கு அடுத்து வந்த சிதம்பரமே சாட்சி.

சிதம்பரமும் சேரியும்

கல்லடிப் பள்ளிக்கு இரண்டு வயதுகூட நிறைந்திராத நேரத்தில் அழைப்பு வந்தது. செட்டிநாட்டு அரசர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்ப் பேராசிரியர் வேண்டும். பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித்தொழில் செய்து நகரத்தார் ஈட்டிய பணம், கோயில்களாகவும் பள்ளிகளாகவும் தமிழ்நாட்டில் எழுந்துகொண்டிருந்த காலம் அது. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கின் கிட்டங்கிகளை அறிந்தவர்களுக்கு அந்தப் பணத்தின் பாதை புரியும்.

1931இல் விபுலானந்தர் சிதம்பரம் போனார். கல்லடியை உடன் துறவிகளும் ஆசிரியர்களும் பார்த்துக்கொண்டார்கள். மானிப்பாயை விட்டதற்கும் கல்லடியை விட்டதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. மானிப்பாயில் அவர் தனி மனிதர். அவர் எழுந்ததும் நாற்காலி காலியானது. கல்லடியில் பள்ளி ஓர் அமைப்பின் கையில் இருந்தது. முதல்வர் மாறினாலும் மாணவர் இல்லத்தில் அடுப்பு எரியும்படி ஏற்பாடு இருந்தது. முப்பது வயதில் விட்டுச் சென்ற இடத்திலிருந்து அவர் கற்றுக்கொண்ட பாடம் இதுவாக இருக்கலாம்.

அண்ணாமலையில் அவர் இருந்ததும் இரண்டு ஆண்டுகள்தாம். அதற்குள் செய்தவை பல. புலவர்கள் பலர் பாரதியை இன்னும் கவிஞராக ஏற்காத அந்த நாளில், பாரதி பாடல்களை மாணவர்கள் கூடிப் படிக்க வழிசெய்தார். மாலையில் பல்கலைக்கழகத்தை ஒட்டியுள்ள திருவேட்களத்தின் சேரிக்குப் போய் அங்கிருந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். காவியுடுத்த பேராசிரியர் சேரிக்குள் நுழைந்து பிள்ளைகளோடு உட்கார்வது 1930களின் சிதம்பரத்தில் சின்னக் காரியமல்ல. பகலில் சிலப்பதிகாரம் கேட்டவர்கள் பட்ட வகுப்பு மாணவர்கள். மாலையில் அகரம் கற்றவர்கள் அதுவரை பள்ளி வாசலை மிதிக்காதவர்கள். இரண்டுக்கும் ஒரே ஆசிரியர்.

1933இல் பதவியை விட்டு இலங்கை திரும்பினார். அவருக்குப் பின் அந்த இருக்கைக்கு நாவலர் சோமசுந்தர பாரதியார் வந்தார். மறுபடியும் மிஷன் பள்ளிகள், கல்லடி, கட்டட வேலை, கணக்கு வழக்கு. இடையில் 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். வேதியியல், பௌதிகம், கணிதம் முதலிய பாடங்களைத் தமிழில் நடத்தச் சொற்கள் வேண்டும் என்பதற்காகக் கூடிய மாநாடு அது. பள்ளியில் அறிவியல் நடத்திய அனுபவம் இல்லாதவர் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தால் வேலை இத்தனை தெளிவாக நடந்திருக்குமா என்பது ஐயம்தான். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் பாடம் தமிழில் படித்தவர்கள் அந்த முன்னோடிகளுக்குக் கொஞ்சமாவது கடன்பட்டவர்கள்.

1937இல் கயிலை யாத்திரை. 1939 முதல் 1941 வரை இமயமலையின் மாயாவதியில் பிரபுத்த பாரதம் என்ற ஆங்கில இதழின் ஆசிரியர். இங்கேயும் இரண்டு ஆண்டுகள். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அவரை அமர்த்தியது. கொழும்பில் அந்தப் பதவியில் இருந்தபடியே காலமானார்.

ஓரிடத்தில் நிலைத்து நிற்கவில்லையே என்று அவரைக் குறை சொன்னவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். சொல்வதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் ஒரு வேலையை மட்டும் அவர் பாதியில் விடவில்லை. அண்ணாமலையில் தொடங்கிய பழந்தமிழ் இசை ஆய்வை 14 ஆண்டுகள் போகிற இடமெல்லாம் சுமந்துகொண்டு போனார். வழக்கிழந்து மறைந்துபோன யாழ் எப்படி இருந்திருக்கும், அதன் நரம்புகள் எந்த அளவில் ஒலித்திருக்கும் என்று சிலப்பதிகாரத்தின் வரிகளையும் உரைகளையும் கணிதத்தாலும் பௌதிகத்தாலும் அளந்து பார்த்தார். மானிப்பாய் வகுப்பறையின் அறிவியலும் காரைதீவுக் கோயிலின் கண்ணகியும் சந்தித்த நூல் யாழ் நூல். கல்லடி வாவியின் பாடும் மீன்களையும் அதில் அவர் பாட்டாக்கினார்.

நோய் அவரை வாட்டிய நிலையில், 1947 சூன் மாதம் 5, 6 ஆகிய நாள்களில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் யாழ் நூல் அரங்கேறியது. நூலின் கணக்குப்படி செய்த யாழ்கள் அங்கே ஒலித்தன. கொழும்பு திரும்பினார். சூலை 19ஆம் நாள் மறைந்தார். வயது 55.

உடலை மட்டக்களப்புக்குக் கொண்டுபோனார்கள். அவருக்கு இறுதியாக இடம் கிடைத்தது கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலயம் அருகில். மலர்களைப் பற்றி அவர் பாடிய பாடல் சமாதியில் பொறிக்கப்பட்டது.

1960களின் தொடக்கத்தில் இலங்கை அரசாங்கம் உதவி பெற்ற பள்ளிகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மிஷனின் பள்ளிகளும் அதில் போயின. விபுலானந்தர் தொடங்கிய பள்ளி அவருடைய கையைவிட்டு மடத்தின் கைக்கும், மடத்தின் கையைவிட்டு அரசாங்கத்தின் கைக்கும் போய்ச் சேர்ந்தது. அதிபர்கள் வந்தார்கள், மாறினார்கள். போர்க்காலமும் கடந்து போனது. சிவானந்த வித்தியாலயம் இன்றும் தேசியப் பாடசாலையாகக் கல்லடியில் நடக்கிறது. மானிப்பாய் இந்துக் கல்லூரியும் நடக்கிறது.